பேட்டரி சைக்கிளுக்கு முதலில் பிரேக்... அப்புறம்தான் மற்றதெல்லாம்!

'மலைத்தோட்டத்துக்குப் போய்வர பேட்டரி சைக்கிள் வாங்கலாமா? வாங்கினால் கூடுதலாக என்னென்ன மாட்ட வேண்டும்?' என்று தேனி மாவட்ட வாசகர் ஒருவர் சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் என் கை தானாக வலது முழங்கைத் தழும்புக்குப் போய்விட்டது. ஆறு தையல் போட்ட இடம். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சொன்னாலே அந்த வாசகருக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பதிலையும் என் அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் எங்கள் சிறுமலை. தாத்தா காலத்தில் எல்லாம் மலைவாழைதான். முடிக்கொத்து நோய் வந்து வாழையைச் சாய்த்த பிறகு எலுமிச்சை, காப்பி, மிளகு, சவ்சவ் என்று மாறிக்கொண்டோம். இப்போது நாலு ஏக்கரில் காப்பியும் மிளகும் முக்கியம். நடுவில் கொஞ்சம் வாழை, எலுமிச்சை.

வீட்டிலிருந்து தோட்டம் 4 கிலோமீட்டர். தார் ரோடு கிடையாது. மண்பாதை, பாறை, ஓடைக்கல். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சுமார் 200 மீட்டர் உயர வித்தியாசம். எங்கள் ஊரில் இந்த மாதிரிப் பாதைக்கெல்லாம் குதிரைதான் வண்டி. இன்றும் பொதிக்குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் சிவப்பி என்று ஒரு பெட்டைக்குதிரை இருந்தது. அது வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகு இன்னொன்று வாங்க மனசும் இல்லை, கையில் பணமும் இல்லை. நடந்தே போய்வந்தேன். அப்புறம் முழங்கால் பிடித்துக்கொண்டது. "மூட்டுத் தேய்மானம். ஏத்தம் இறக்கம் நடக்கிறதைக் குறைச்சுக்குங்க" என்றார் மருத்துவர். மலையில் குடியிருப்பவனிடம் ஏத்தம் இறக்கத்தைக் குறை என்றால் எங்கே போவது?

தினமும் போன தோட்டத்துக்கு வாரம் ஒருநாள் போனேன். ஒரே வருஷத்தில் உண்ணிச்செடி வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மிளகு பழுத்து உதிர்ந்தது பாதி, யாரோ பறித்துக்கொண்டு போனது கொஞ்சம். அந்த வருஷம் எனக்குக் கிடைத்தது 60 கிலோ காய்ந்த மிளகு. அந்த நேரம் பார்த்து, இடம் வாங்க வந்தவர்களும் இரண்டு முறை வீட்டு வாசலில் உட்கார்ந்து விலை பேசினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், "வித்துடலாம்பா, உங்க உடம்பு முக்கியம்" என்றான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தாலே எனக்குப் பதில் தெரியும்.

மோட்டார் பைக் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது ஒரு காரணம். ஓட்டத் தெரிந்தவர்களே அந்த ஓடைக்கல்லில் வண்டியைச் சாய்த்துவிட்டு, தூக்க ஆள் தேடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இந்த வயதில் தனியாகத் தூக்க முடியாது. சைக்கிள் என்றால் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

தீபாவளி போனஸில் மகன் ஒரு பேட்டரி சைக்கிளை வாங்கி, பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்தான். மலைப்பாதை ஓட்டுகிறவர்களுக்கான மாதிரி. பெரிய மொட்டு வைத்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங் போர்க், பின்னால் 7 கியர், பின்சக்கரத்துக்குள்ளேயே 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி. மொத்த எடை 24 கிலோ. விலை 36,500 ரூபாய். "ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கப்பா. முடியலைன்னா அப்புறம் விக்கிறதைப் பத்திப் பேசுவோம்" என்றான். ஆக, அந்தச் சைக்கிளுக்குக் கிடைத்த அதே ஒரு வருஷ அவகாசம்தான் என் தோட்டத்துக்கும்.

முதலில் வாங்கியதெல்லாம் வீண்

சைக்கிள் வந்ததும் எனக்கும் புதுமாப்பிள்ளை மாதிரி ஓர் ஆசை. டவுனில் ஒரு கடைக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். பாட்டுப் பாடும் ஹாரன், செல்போன் மாட்டும் தாங்கி, மெத்தென்ற சீட் கவர், இரண்டு பக்கக் கண்ணாடி, சீட் கம்பியில் கவ்வுகிற கேரியர். மொத்தம் 2,600 ரூபாய்.

ஹாரன் மூன்றாவது நாளே வேலையைக் காட்டியது. எதிரே எலுமிச்சை மூட்டையோடு குதிரை வந்துகொண்டிருந்தது. வழிவிடட்டும் என்று ஹாரனை அமுக்கினேன். குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்க, ஒரு பொதி சரிந்து பழமெல்லாம் சரிவில் உருண்டது. "ஏன் மாமா, நீங்களே குதிரை வச்சிருந்தவுக. உங்களுக்குத் தெரியாதா?" என்று குதிரைக்காரர் கேட்டது அடித்ததைவிட வலித்தது. அரைமணி நேரம் இருவரும் சேர்ந்து பழம் பொறுக்கினோம். அன்று இரவே ஹாரனைக் கழற்றிவிட்டு, பழைய சைக்கிளின் மணியை மாட்டிக்கொண்டேன்.

கண்ணாடிகள் புதரில் உரசி ஒரே மாதத்தில் உடைந்தன. செல்போன் தாங்கியில் வைத்த போன் பாறையில் குதித்து விழுந்தது. சீட் கவர் மழையில் ஊறி, ஈரத்தை இரண்டு நாள் பிடித்து வைத்துக்கொண்டது.

சீட் கம்பியில் கவ்வும் கேரியர்தான் அதில் பெரிய ஏமாற்றம். அது ஒற்றைக் கவ்வியில் அந்தரத்தில் நிற்கிற சாமான். பொதுவாக 10 கிலோ வரைதான் தாங்கும். அதை அதன் அடியிலேயே எழுதியும் இருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. 15 கிலோ உரத்தை வைத்துக் கட்டினேன். பாதி வழியில் கவ்வி சுழன்று, கேரியர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டது.

எண்ணெய் விட்ட கதை

கேரியரை மாற்றினேன். சைக்கிள் பிரேமிலேயே நட்டு போட்டு, கீழே அச்சுப் பக்கம் வரை இரண்டு கால் ஊன்றி நிற்கிற மாதிரி. அதில் 25 கிலோ என்று எழுதியிருந்தது. இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். ஆனால், பிரேக்கைப் பற்றி நினைக்கவே இல்லை.

மார்கழியில் முதல் சுற்றுக் காப்பிப்பழம் எடுத்துக்கொண்டிருந்தோம். மழையும் செம்மண் சேறும். இரண்டு வாரமாக பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிரீச் என்று சத்தம். என் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக். அதாவது, சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புத் தட்டை இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கும். சத்தம் வந்தால் எண்ணெய் விட வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்? தோட்டத்துக் கொட்டகையில் கவாத்துக் கத்தரிக்கு விடும் எண்ணெய் இருந்தது. முன்தட்டில் நாலு சொட்டு, பின்தட்டில் நாலு சொட்டு விட்டேன்.

பின்னால் 20 கிலோ காப்பிப்பழம். தூறல். மனைவி எனக்கு முன்பே நடக்க ஆரம்பித்திருந்தாள். முதல் அரை கிலோமீட்டர் லேசான சரிவு. பிரேக் தொட்டால் சத்தமே இல்லை. நம் வைத்தியம் பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதைத் தாண்டித்தான் செங்குத்து இறக்கம். பிரேக்கை அழுத்தினேன், பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியோடு ஒட்டும்வரை அழுத்தினேன். வண்டி வேகம் எடுக்கிறதே தவிர நிற்கவில்லை. காலை ஊன்றினேன், செருப்பு பிய்ந்தது. வளைவில் திரும்பினால் நடுப்பாதையில் மனைவி போய்க்கொண்டிருக்கிறாள். இடதுபுறம் பள்ளம், வலதுபுறம் மேட்டில் உண்ணிச்செடிப் புதர். "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று கத்திக்கொண்டே வண்டியைப் புதருக்குள் விட்டேன்.

முழங்கையைப் பாறை கிழித்தது. காப்பிப்பழம் பாதை முழுக்கச் சிதறியது. ஒரு கை தூரத்தில் தப்பித்த மனைவி, என் கையில் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "சிவப்பியா இருந்தா பள்ளத்தைப் பாத்து அதுவே நின்னிருக்கும்."

அன்றிரவு மகன் போனில், "போதும்பா, வித்துடலாம்" என்றான். "நீ சொன்ன ஒரு வருஷம் இன்னும் முடியலை. மிளகு எடுக்கிற வரைக்கும் பொறு" என்றேன். கட்டுப்போட்ட கையோடு அப்படிச் சொல்ல எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

பிரேக்... இதுதான் முதல் செலவு

கை ஆறியதும் திண்டுக்கல்லில் சைக்கிள் பழுதுபார்க்கும் தம்பி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். தட்டைத் தொட்டுப் பார்த்தவர், "ஐயா, எண்ணெய் சங்கிலிக்குத்தான். டிஸ்க்ல ஒரு சொட்டு பட்டாலும் பேடு செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றார். அவர் பேடு என்று சொன்னது அந்தக் கவ்வும் கட்டைகளை. கழற்றிக் காட்டினார். எண்ணெய் விடுவதற்கு முன்பே அது தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. செம்மண் சேறு உப்புத்தாள் மாதிரி அதைத் தேய்த்துவிடுமாம். சத்தம் வந்ததே தேய்மானத்தைச் சொல்வதற்குத்தான். வலி வந்த இடத்துக்கு வைத்தியம் பார்க்காமல் நான் வாயைக் கட்டியிருக்கிறேன்.

ஒரு கணக்கும் சொன்னார். நான் 65 கிலோ, சைக்கிள் 24, பழம் 20. மொத்தம் 109 கிலோவை 200 மீட்டர் கீழே இறக்குகிறோம். அந்தச் சக்தியில் காற்றும் மண்ணும் எடுத்துக்கொண்டது போக மீதியெல்லாம் பிரேக்கில்தான் சூடாக மாறும். முழுதும் சேர்த்தால் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரை 50 டிகிரி சூடேற்றுகிற அளவு. டீ டம்ளர் அகலம்கூட இல்லாத நாலு கட்டைகள் அத்தனையையும் தாங்க வேண்டும் என்றால், அவை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் செய்த மாற்றங்கள்:

கம்பி இழுக்கும் பிரேக்கை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் போட்டேன். இரண்டு விரலால் அழுத்தினாலே பிடிக்கிறது. வயதானவர்களுக்குக் கை வலிக்காது. முன்தட்டை மட்டும் 160 மில்லிமீட்டரிலிருந்து 180 மில்லிமீட்டருக்கு மாற்றினோம். தட்டு பெரிதானால் பிடிமானமும் கூடும், சூடும் சீக்கிரம் ஆறும். முன்போர்க் அந்த அளவைத் தாங்கக்கூடியதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். பேட்டரி சைக்கிளின் பிரேக் பிடியில் ஒரு சின்ன ஒயர் இருக்கும். பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துவது அதுதான். சாதாரண சைக்கிளுக்கான ஹைட்ராலிக் பிடியை வாங்கி மாட்டினால் அந்த இணைப்பு போய்விடும். மோட்டார் ஒரு பக்கம் தள்ள, பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே, மோட்டாரை நிறுத்தும் இணைப்புள்ள பிடியா என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் இல்லாதவர்கள் ஹைட்ராலிக் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பி பிரேக்கிலேயே நல்ல பேடு போட்டு, கம்பியை மாதம் ஒருமுறை இறுக்கினால் போதும். பேடில் இரும்பு மேல் ஒட்டியிருக்கும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். புதுப் பேடு போட்டதும் நேராக மலை இறங்கக் கூடாது. சமதரையில் ஓட்டி 20 முறையாவது மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அப்போதுதான் பேடும் தட்டும் ஒன்றுக்கொன்று பழகும். தட்டில் எண்ணெய் பட்டுவிட்டால் மெடிக்கல் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சுமை தாழ இருக்கட்டும்

பிரேமில் பொருத்தும் கேரியரோடு, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பை வைத்துக்கொள்வது நல்லது. கடையில் விற்கும் பைக்கு விலை அதிகம். நான் உரச்சாக்கை இரட்டையாக மடித்து, தையல்காரரிடம் வார் வைத்துத் தைத்து வாங்கினேன். 350 ரூபாய். பொதிக்குதிரைக்கு இருபக்கமும் சமமாகக் கட்டுவோமே, அதே முறைதான். கனமானது அடியில், இரண்டு பக்கமும் ஒரே எடை. மேலே மூட்டையை நிற்க வைத்தால் வளைவில் வண்டி நம்மைச் சாய்த்துவிடும். கேரியரில் 25 கிலோ என்று எழுதியிருந்தாலும் நான் 20 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த மாதிரி சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைக்கால் ஸ்டாண்டுதான் வரும். சுமை ஏற்றும்போது மண்ணில் புதைந்து வண்டி சாயும். இரட்டைக்கால் ஸ்டாண்டு 650 ரூபாய். மனைவி உதவியில்லாமல் தனியாகச் சுமை ஏற்ற முடிகிறது.

பின்சக்கரத்தில் மோட்டார் எடையும் சுமை எடையும் சேர்ந்து இறங்குவதால் போக்ஸ் கம்பிகள் தளரும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பாருங்கள். மற்றவற்றிலிருந்து மாறி 'டொக்' என்று சத்தம் வருவது தளர்ந்தது. மோட்டார் அச்சின் இரண்டு பக்க நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டயரும் முள்ளும்

டயரில் மொட்டு தேய்ந்ததும் மாற்றிவிட்டேன். அகலமான டயர் வாங்கும் முன் பிரேமுக்கும் டயருக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி மிஞ்சுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. இதே காரணத்தால்தான் சக்கரத்தை ஒட்டி மூடுகிற மட்கார்டும் நமக்கு ஆகாது. உயரத் தள்ளி நிற்கும் பிளாஸ்டிக் மட்கார்டே போதும்.

மோட்டார் இருப்பதால் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை. பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று பயந்தேன். ஆனால், நம் ஊர் சைக்கிள் கடைக்காரர்கள் என்றைக்குச் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினார்கள்? வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விளிம்பிலிருந்து எடுத்து, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டும் அதே முறை இதற்கும் பொருந்தும். நெம்பு, ஒட்டு, சொல்யூஷன், கைப்பம்பு நான்கும் எப்போதும் என் பையில் இருக்கும். டியூப்புக்குள் பஞ்சர் அடைக்கும் திரவமும் ஊற்றியிருக்கிறேன். முள் குத்திய சின்ன ஓட்டையை அது அடைத்துவிடும். கல் கிழித்ததை அடைக்காது.

வெளிச்சமும் தலைக்கவசமும்

காப்பி சீசனில் தோட்டத்திலிருந்து இறங்க இருட்டிவிடும். எங்கள் பக்கம் காட்டு மாடு நடமாட்டம் உண்டு. கைப்பிடியில் ஒரு விளக்கும் தலைக்கவசத்தில் ஒரு விளக்கும் வைத்திருக்கிறேன். கைப்பிடி விளக்கு வண்டி போகிற திசையைத்தான் காட்டும். தலை விளக்கு நாம் திரும்புகிற பக்கம் எல்லாம் காட்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று முன்கூட்டியே தெரியும். கண் இரண்டு மின்னினால் நின்றுவிட வேண்டும். அது போன பிறகுதான் நாம் போகணும்.

தலைக்கவசம் சைக்கிளுக்குத் தேவையா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். முழங்கைக்கு ஆறு தையல் போட்ட பாறை இன்னும் ஓர் அடி மேலே இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பிளாஸ்டிக் பெடலையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஈரத்தில் அது வழுக்கும். செருப்பை விட்டு, ரப்பர் அடி கொண்ட ஷூவுக்கு மாறுங்கள்.

பேட்டரியை வளர்க்கப் பார்க்காதீர்கள்... காப்பாற்றப் பாருங்கள்

"48 வோல்ட் பேட்டரி போட்டா ஏத்தத்துல பறக்கும்" என்று எனக்கும் ஒருவர் ஆலோசனை சொன்னார். பழுதுபார்க்கும் தம்பி தடுத்துவிட்டார். 36 வோல்ட்டுக்குச் செய்த கன்ட்ரோலரில் 48 வோல்ட் கொடுத்தால் கருகிவிட வாய்ப்பு அதிகம். சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் 250 வாட், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருப்பதால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இதற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படவில்லை. அதைத் தாண்டும்படி மாற்றினால் அது மோட்டார் வாகனமாகிவிடும்.

என் பேட்டரியில் இருப்பது 36 x 10 = 360 வாட்-மணி. ஒரு தடவை முழு சார்ஜ் ஏற்ற அரை யூனிட் கரன்ட்கூட ஆகாது. பெட்டியில் 50 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று எழுதியிருந்தார்கள். அது சமதரையில், மிதித்துக்கொண்டே போனால். சுமையோடு மலைப்பாதையில் எனக்குக் கிடைப்பது 18 கிலோமீட்டர்தான். இரண்டு நடை போய்வர 16 கிலோமீட்டர். அதற்குப் போதும்.

வெயிலில் ஏறி வந்ததும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுகிறேன். அதோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு தொடுவதில்லை. வைக்கோல், சாக்கு பக்கத்திலும் ராத்திரி படுக்கை அருகிலும் சார்ஜ் போடுவதில்லை. பகலில், கண்பார்வையில்தான் சார்ஜ் போடுவேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். ஊருக்குப் போய் பல வாரம் ஓட்டாமல் இருக்க நேர்ந்தால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. காலியாகவும் வைக்கக் கூடாது, நிரப்பியும் வைக்கக் கூடாது. கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி, உப்பிய பேட்டரி, வாடை வரும் பேட்டரி எதையும் சார்ஜ் போடாதீர்கள். வண்டியைக் கழுவ மோட்டார் பம்பு ஹோஸைப் பயன்படுத்தாமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

என் செலவுக் கணக்கு

ஹைட்ராலிக் பிரேக், பெரிய தட்டு, மாட்டுக்கூலி - 4,800 ரூபாய்
பிரேமில் பொருத்தும் கேரியர் - 1,600
உரச்சாக்குப் பை - 350
இரட்டைக்கால் ஸ்டாண்டு - 650
மட்கார்டு - 450
டயர் இரண்டு - 2,200
டியூப், பஞ்சர் திரவம் - 900
விளக்குகள் - 1,150
தலைக்கவசம் - 1,300
பம்பு, ஸ்பேனர், ஒட்டுச் சாமான் - 1,400
மொத்தம் - 14,800 ரூபாய்

வீணாய்ப் போனது 2,600 ரூபாய் தனி. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவில்லை. பிரேக், கேரியர், தலைக்கவசம் மூன்றும் முதலில். மற்றவை காப்பிப் பணம் வந்த பிறகு ஒவ்வொன்றாக.

வழியில் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இறக்கத்தில் வரும்போது பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறுமா?

என் சைக்கிளில் ஏறாது. சக்கரத்துக்குள் பல்சக்கரம் வைத்த மோட்டார் இது. இறக்கத்தில் மோட்டாரைச் சுற்றாமல் சக்கரம் மட்டும் சுற்றும். இந்த விலையில் வரும் சைக்கிள்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மிதிக்காமலே மலை ஏறுமா?

சின்ன ஏத்தம் என்றால் ஏறும். செங்குத்தில் மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் மோட்டார் சூடாகும். பின்சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியாத அளவு சூடு தெரிந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். லேசான கியரில் போட்டு நாமும் மிதிக்க வேண்டும். அதைவிடச் செங்குத்து வந்தால் நான் இறங்கித் தள்ளிவிடுகிறேன். அரை கிலோமீட்டர் தள்ளுவது முழங்காலுக்கு ஒன்றும் செய்யவில்லை.

பொதிக்குதிரைக்கு மாற்றா இது?

இல்லை. வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் இன்றைக்கும் குதிரையில்தான் இறங்குகின்றன. என் ஹாரனுக்கு மிரண்ட அதே குதிரைதான், அதே மாப்பிள்ளைதான். சைக்கிளில் நானும் என் சாப்பாடும் கத்தரியும் உரமும் போகிறோம். திரும்பும்போது அன்றன்று பறித்த மிளகும் காப்பியும் வருகின்றன. தினமும் போக முடிவதுதான் இதில் கிடைத்த லாபம்.

அந்தப் பருவத்தில் மிளகை உதிரவிடாமல், பழுக்கப் பழுக்கப் பறித்தேன். காயவைத்துத் தூற்றி எடை போட்டபோது 145 கிலோ. உண்ணிச்செடியை வெட்டி வேலிக்கு வெளியே தள்ளியாகிவிட்டது. ஒரு வருஷம் முடிந்த தீபாவளிக்கு மகன் வந்தான். விற்பதைப் பற்றிப் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் வரை போய்வந்தான். இறங்கியதும், "பிரேக் நல்லா பிடிக்குதுப்பா" என்றான். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தேனி வாசகருக்கு என் பதில் இதுதான். வாங்குங்கள். ஆனால், ஏறுவதற்கு என்ன மாட்டலாம் என்று கேட்பதற்கு முன்னால், இறங்கும்போது எது நிறுத்தும் என்று கேளுங்கள். தட்டில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள்.